ஒரே கணினியில் இன்னோர் இயங்குதளம்: நிறுவும் முன் அறிய வேண்டியவை

மாதத்தின் 18ஆம் நாள். நம் கிளை ஒன்றில் ரொக்கக் கடன் கணக்கு வைத்திருக்கும் மொத்த வணிகர் ஒருவர், தம் மடிக்கணினியைத் திறந்தபடியே ஏந்திக்கொண்டு வந்தார். திரை முழுவதும் நீல நிறம். நடுவே 48 இலக்கங்கள் கொண்ட எண் ஒன்றை உள்ளிடுமாறு கேட்கும் கட்டம். "இந்த எண் எனக்கு இன்னும் வந்து சேரவில்லை, சற்று அனுப்பி வையுங்கள்" என்றார். அக்கணினியில் அவர் இறுதியாகச் செய்தது இணையவழி வங்கிப் பணி. ஆதலால் இதுவும் வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லின் வகையைச் சேர்ந்தது எனக் கருதிவிட்டார்.

நாம் விசாரித்தபோது விவரம் தெரிந்தது. அந்த மடிக்கணினியில் விண்டோஸ் 11, உபுண்டு லினக்ஸ் என இரண்டு இயங்குதளங்கள் ஏற்கெனவே இருந்தன. விடுமுறைக்கு வந்திருந்த அவருடைய சகோதரி மகன், தன் பொறியியல் பாடத்துக்காக மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறான். அதற்காகக் கணினியின் தொடக்க அமைப்புகள் சிலவற்றை மாற்றியும் இருக்கிறான். மாற்றத்தைக் கண்ட விண்டோஸ், வேறு எவரோ கணினியைக் கையாளுகிறார் என ஐயுற்று, பிட்லாக்கர் என்னும் பூட்டைத் திறக்க மறுத்துவிட்டது. கணினி பழுதாகவில்லை, ஒரு கோப்பும் அழியவில்லை. ஆயினும் அவருடைய கணக்கு முழுவதும் பூட்டுக்குள் இருந்தது. 20ஆம் நாளுக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். நம் கிளைக்கு மாதந்தோறும் அவர் அளிக்க வேண்டிய சரக்கிருப்பு அறிக்கையும் அதே கணினியில்தான் இருந்தது.

மீட்புத் திறவுகோல் இறுதியில் கிடைத்தது. கணினி வாங்கிய நாளில் அதை அமைத்துக் கொடுத்த பணியாளர், தம்முடைய மின்னஞ்சல் முகவரியைக் கொண்டே கணக்குத் தொடங்கியிருந்தார். அவர் வேலையை விட்டுச் சென்று ஓராண்டாகியிருந்தது. அவரைத் தேடிப் பிடித்து, எண்ணைக் கேட்டுப் பெற்று, இலக்கம் இலக்கமாக உள்ளிட்டு முடித்தபோது 19ஆம் நாள் இரவு. அப்பணியாளர் மனக்கசப்போடு பிரிந்தவராக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை அவரும் எண்ணிப் பார்த்தார். நாமும் எண்ணிப் பார்த்தோம்.

நாம் கணினியியல் படித்தவர்கள் அல்லர். வணிகவியல் படித்து, பேரேடுகளோடு பழகியவர்கள். ஆயினும் இதையொத்த கேள்விகள் கிளைகளில் இப்போது அடிக்கடி எழுவதால், நம் வங்கியின் தகவல் தொழில்நுட்பப் பிரிவினரிடம் கேட்டும், நாமே ஒரு பழைய கணினியில் செய்து பார்த்தும் அறிந்தவற்றை இங்கே தொகுத்துள்ளோம்.

ஏன் இப்போது?

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்த தனிநபர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11க்கு மாற வேண்டுமெனில் கணினியில் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி இருத்தல் வேண்டும். ஏற்கத்தக்க செயலிகளின் பட்டியலும் உண்டு. நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் பல பழைய கணினிகள் இத்தேர்வில் தேறுவதில்லை. எனவே கணக்கு மென்பொருளுக்காகப் பழைய விண்டோஸை இணையத்தில் இணைக்காமல் வைத்துக்கொண்டு, இணையப் பணிகளுக்கு லினக்ஸைப் பயன்படுத்தலாம் என்று பலர் முடிவு செய்கின்றனர். பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன இயங்குதளத்திலிருந்து இணையவழி வங்கிச் சேவைக்குள் நுழைவதைவிட இது நல்ல முடிவே. லினக்ஸ் நமக்குப் புதிய பண்டமும் அன்று. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அரசு அலுவலகங்களை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டது. கேரள அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே நடைபெறுகிறது.

இருப்பினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். புதிய இயங்குதளம் ஒன்றைச் சில நாள் பார்க்க விரும்புவோர்க்கு அதை நிறுவ வேண்டிய தேவையே இல்லை. பென் டிரைவிலிருந்து நேரே இயக்கிப் பார்க்கலாம். வன்வட்டில் எதுவும் எழுதப்படாது. அல்லது விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளின் உதவியால், விண்டோஸுக்குள்ளேயே ஒரு சாளரத்தில் லினக்ஸை இயக்கலாம். மாணவர்களின் பாடத் தேவைகளில் பெரும்பாலானவை இவற்றிலேயே நிறைவேறிவிடும். தொழில் நடக்கும் கணினியில் மூன்றாவது இயங்குதளம் வேண்டுமா என்று நம்மிடம் கேட்டால், பெரும்பாலோர்க்கு வேண்டாம் என்பதே நம் விடை. அந்த விடையை ஏற்காதவர்களுக்காக மேலே எழுதுகிறோம்.

கணினி எழும்போது நிகழ்வது

மின்விசையை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸோ லினக்ஸோ அன்று. தாய்ப்பலகையில் உறையும் யுஇஎஃப்ஐ என்னும் நிலைமென்பொருளே முதலில் விழிக்கிறது. அது தன் நினைவில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது: முதலில் எந்தத் தொடக்கியை அழைப்பது, அது இல்லையெனில் அடுத்து எது என்று. அத்தொடக்கிகள் வன்வட்டின் ஓரத்தில் உள்ள ஒரு சிறு பிரிவில் குடியிருக்கின்றன. அதற்கு ஈஎஃப்ஐ பிரிவு என்று பெயர். விண்டோஸின் தொடக்கி அங்கே மைக்ரோசாஃப்ட் என்ற கோப்புறையிலும், உபுண்டுவின் தொடக்கி உபுண்டு என்ற கோப்புறையிலும் இருக்கும். ஒரே பிரிவில் பல தொடக்கிகள் அருகருகே இருக்க இயலும். ஆகவே இயங்குதளத்துக்கு ஒன்றாகத் தனித்தனி ஈஎஃப்ஐ பிரிவு தேவையில்லை.

பழைய கணினிகளில் முறை வேறு. அங்கே வன்வட்டின் முதல் 512 பைட்டுகளே வாசல். அந்தச் சிறிய இடத்தில் ஒரு தொடக்கிக்கு மட்டுமே இடமுண்டு. ஆதலால் கடைசியாக நிறுவப்பட்ட இயங்குதளம் முன்னதன் தொடக்கியை அழித்து, தன்னுடையதை எழுதிவிடும். முதன்மைப் பிரிவுகளும் நான்குக்கு மேல் இயலா. எம்பிஆர் எனப்படும் இம்முறைக்கு மாறாக, இன்றைய ஜிபிடி முறையில் 128 பிரிவுகள் வரை வழக்கமாக இடமுண்டு.

இவ்வேறுபாடு வெறும் வரலாறு அன்று. கணினியில் உள்ள விண்டோஸ் எந்த முறையில் நிறுவப்பட்டுள்ளதோ, அதே முறையில்தான் புதியதையும் நிறுவ வேண்டும். ஒன்று பழைய முறையிலும் மற்றொன்று புதிய முறையிலும் அமைந்துவிட்டால், ஒன்று மற்றொன்றைத் தொடக்கப் பட்டியலில் காட்டாது. விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்னும் திரையைத் திறந்தால், பயாஸ் மோடு என்ற வரியில் யுஇஎஃப்ஐ அல்லது லெகசி என்று எழுதியிருக்கும். பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கும்போது அதே பென் டிரைவ் பட்டியலில் இருமுறை தோன்றுவதுண்டு. அவற்றுள் யுஇஎஃப்ஐ என்ற முன்னொட்டு உள்ளது புதிய முறை.

தொடங்கும் முன்

முதலாவது, நாளைத் தெரிவு செய்தல். இது கணினி நூல்களில் இராது. வங்கியில் இருப்பதால் சொல்கிறோம். மாதத்தின் 7ஆம் நாள் பிடித்தம் செய்த வருமான வரியைச் செலுத்துவதற்கும், 11ஆம் நாள் ஜிஎஸ்டிஆர்-1க்கும், 20ஆம் நாள் ஜிஎஸ்டிஆர்-3பிக்கும் உரிய கெடு. இந்நாள்களை ஒட்டியும் மார்ச் மாதம் முழுவதும் தொழில் நடக்கும் கணினியில் கை வைக்க வேண்டாம். மாதத்தின் கடைசி வாரத்தில் ஒரு சனிக்கிழமை மாலை நல்லது. தவறு நேர்ந்தால் ஞாயிறு கையில் இருக்கும்.

இரண்டாவது, காப்புநகல். கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்புறை, வரித் தாக்கல் ஆவணங்கள், ஒப்பந்தங்கள், வங்கிக் கணக்கு அறிக்கைகள், குடும்பப் படங்கள் ஆகிய யாவற்றையும் வெளி வன்வட்டு ஒன்றில் படியெடுக்க வேண்டும். படியெடுத்ததோடு நின்றுவிடலாகாது. அவ்வன்வட்டை வேறொரு கணினியில் இணைத்து, கணக்கு மென்பொருளில் அத்தரவைத் திறந்து, இறுதி நாளின் இருப்பு சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். பேரேட்டை எழுதி முடித்த பின் இருப்பாய்வு எடுக்காமல் மூடுவோரை நாம் கணக்கர் என்று சொல்வதில்லை. திறந்து பார்க்காத காப்புநகலும் அத்தகையதே. முழு வன்வட்டையும் அப்படியே படியெடுக்க குளோன்சில்லா, ரெஸ்கியூசில்லா போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. அவ்வாறு செய்து வைத்தால், எத்தகைய தவறு நேர்ந்தாலும் பிரிவுகள், தொடக்கிகள் உட்பட அனைத்தையும் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். பணி நடைபெறும்போது அவ்வெளி வன்வட்டைக் கணினியிலிருந்து கழற்றி வைத்தல் அவசியம். நிறுவும் மென்பொருளுக்கு அதுவும் இன்னொரு வன்வட்டாகவே தெரியும்.

மூன்றாவது, நம் வணிகரை இரண்டு நாள் அலைக்கழித்த பிட்லாக்கர். தம் கணினியில் இந்தப் பூட்டு இருப்பதையே அறியாதவர் பலர். அண்மைக்கால விண்டோஸ் 11 கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக நுழைந்தவுடன் வன்வட்டு தானாகவே மறையாக்கம் செய்யப்பட்டுவிடுவதுண்டு. கண்ட்ரோல் பேனலிலோ, செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பகுதியிலோ நிலையை அறியலாம். பூட்டு இருக்குமானால், 48 இலக்க மீட்புத் திறவுகோலைத் தாளில் அச்சிட்டு, வீட்டு ஆவணங்களோடு வையுங்கள். அதே கணினியில் ஒரு கோப்பாகச் சேமிப்பது பெட்டகச் சாவியைப் பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டுவதாகும். திறவுகோல் எந்த மின்னஞ்சல் கணக்கில் சேமிக்கப்பட்டுள்ளது, அக்கணக்கு உங்களுடையதுதானா என்பதையும் அன்றே உறுதிசெய்யுங்கள். அதன் பின், பணி முடியும் வரை பிட்லாக்கர் பாதுகாப்பைத் தற்காலிகமாக இடைநிறுத்தி வைக்கலாம். இடைநிறுத்துதல் என்பது மறையாக்கத்தையே நீக்குவது அன்று. பூட்டு இருக்கும், தொடக்கத்தில் ஏற்படும் மாற்றங்களுக்காகத் திறவுகோல் கேட்கப்படாது. முடிந்ததும் மறவாமல் மீண்டும் இயக்க வேண்டும்.

நான்காவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 முதல் உள்ள வசதி இது. கணினியை அணைத்தோம் என நாம் நினைக்கும்போது, விண்டோஸ் தன் உட்பகுதியை உறங்குநிலையில் வன்வட்டில் எழுதிவிட்டுக் கண்ணயர்கிறது. அந்நிலையில் லினக்ஸ் உள்ளே சென்று விண்டோஸ் பிரிவில் ஒரு கோப்பை மாற்றினால், விழித்தெழும் விண்டோஸ் தன் பழைய நினைவைக் கொண்டு மேலெழுதும். கோப்புகள் சிதைவது இவ்வாறே. லினக்ஸ் பொதுவாக இதை உணர்ந்து, எழுத மறுத்து, படிக்க மட்டும் இடமளிக்கும். பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் இவ்வசதியை நிறுத்திவிடுவதே முறை. கணினி எழச் சில நொடிகள் கூடுதலாகும், அவ்வளவே.

நிறுவவிருக்கும் இயங்குதளத்தை அதற்குரிய அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்தே பதிவிறக்க வேண்டும். அங்கேயே எஸ்ஹெச்ஏ256 என்ற சரிபார்ப்பு எண் தரப்பட்டிருக்கும். பதிவிறக்கிய கோப்பிலிருந்து கணக்கிட்ட எண்ணும் அதுவும் ஒத்திருந்தால் கோப்பு வழியில் மாற்றம் அடையவில்லை எனலாம். நண்பர் தந்த பழைய பென் டிரைவிலிருந்து நிறுவுவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். பாதுகாப்பு மட்டுமன்று, கீழே கூறவிருக்கும் இன்னொரு காரணமும் உண்டு.

இடம் ஒதுக்குதல்

விண்டோஸ் பிரிவைச் சுருக்கி இடம் உண்டாக்க வேண்டுமெனில், அதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியைக் கொண்டே செய்யுங்கள். லினக்ஸ் நிறுவியிடம் விட வேண்டாம். வன்வட்டில் பாதி காலியாக இருந்தும் சிறிதளவே சுருக்க முடியும் என்று அக்கருவி சொல்வதுண்டு. நகர்த்த இயலாத சில கோப்புகள் நடுவில் அமர்ந்திருப்பதே காரணம். உறங்குநிலைக் கோப்பை நீக்கி, மீட்புப் புள்ளிகளை அகற்றி, மறுபடி முயன்றால் பெரும்பாலும் இடம் கிடைக்கும்.

இங்கே நாம் கைக்கொண்ட சிறு உத்தி ஒன்று. ஒதுக்கும் இடத்தை 50 அல்லது 60 ஜிபி என முழு எண்ணாக வைக்காமல், 61 அல்லது 67 என ஒற்றைப்படையாக வைத்தோம். நிறுவியின் திரையில் வன்வட்டுகளும் பிரிவுகளும் எஸ்டிஏ, என்விஎம்இ போன்ற பெயர்களில் வரிசையாக நிற்கும்போது, எது எதுவென்று குழப்பம் வரும். பெயரை நம்புவதைவிட அளவை நம்புவது எளிது. ஏற்கெனவே உள்ள பிரிவுகளின் அளவுகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. நாம் செய்து பார்த்தபோது அந்தத் தாளை மூன்று முறை எடுத்துப் பார்க்க நேர்ந்தது.

நிறுவி சில தெரிவுகளைக் காட்டும். வன்வட்டை அழித்துவிட்டு நிறுவு என்பது அவற்றில் ஒன்று. அது அழிப்பது விண்டோஸை மட்டுமன்று. அந்த வன்வட்டில் உள்ள அனைத்தையும். பக்கத்தில் நிறுவு என்ற தெரிவு ஒரே ஒரு இயங்குதளம் உள்ள கணினிக்குப் பொருத்தமானது. இரண்டு ஏற்கெனவே இருக்குமிடத்தில், எந்தப் பிரிவைச் சுருக்குவது என்பதை அது தானே முடிவு செய்யக்கூடும். ஆகவே மூன்றாவதைச் சேர்ப்பவர், பிரிவுகளைத் தாமே தெரிவு செய்யும் கைமுறை வழியைத்தான் எடுக்க வேண்டும். காலியாக ஒதுக்கிய இடத்தில் புதிய பிரிவை உருவாக்கி, அதை மட்டும் வடிவமைக்க வேண்டும்.

ஈஎஃப்ஐ பிரிவைப் பயன்படுத்து என்று சொல்ல வேண்டும். வடிவமை என்று சொல்லக் கூடாது. அங்கே ஒரு சிறு பெட்டியில் குறியிட்டிருந்தால், எல்லா இயங்குதளங்களின் தொடக்கிகளும் ஒரு நொடியில் மறைந்துவிடும். கோப்புகள் அவ்வவ்விடத்தில் இருக்கும், செல்லும் வழி மட்டும் இராது. நம்மிடம் வந்த கேள்விகளுள் "எல்லாம் போய்விட்டது" என்ற புலம்பலுக்குப் பின்னால் இருந்தது பலமுறை இதுவே. அது மீட்கக்கூடியது என்பதையும் சொல்லிவிடுகிறோம். பதற்றத்தில் எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவியவர்களே உண்மையில் தரவை இழந்தார்கள்.

மேசைக் கணினி வைத்திருப்போர்க்கு இதைவிட எளிய வழி உண்டு. புதிய இயங்குதளத்துக்கென ஒரு தனி எஸ்எஸ்டி வாங்கி, நிறுவும் நேரத்தில் பழைய வன்வட்டின் இணைப்பைக் கழற்றிவிடலாம். கண்ணுக்குத் தெரியாததை எந்த நிறுவியும் அழிக்க முடியாது. அதன் தொடக்கியும் அதன் வன்வட்டிலேயே அமைந்துவிடும். இரண்டையும் பின்னர் இணைத்து, கணினி எழும்போது நிலைமென்பொருளின் பட்டியலில் வேண்டியதைத் தெரிவு செய்துகொள்ளலாம்.

மூன்றாவது வரும்போது

இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினியில் மூன்றாவதைச் சேர்ப்பது, ஒன்றோடு ஒன்றைச் சேர்ப்பதைப் போன்றதன்று. இப்போது இரண்டு லினக்ஸ்கள். இரண்டும் கிரப் என்னும் தொடக்கியைக் கொண்டுவருகின்றன. கடைசியாக வந்தது பட்டியலில் முதலிடம் பிடிக்கும். எது தலைமை என்பதை முன்னரே முடிவு செய்ய வேண்டும். நீங்கள் நாள்தோறும் பயன்படுத்துவதும், ஒழுங்காகப் புதுப்பிப்பதும் எதுவோ அதன் கிரப் தலைமை ஏற்கட்டும். ஏனெனில், மற்ற லினக்ஸ் தன் உட்கருவைப் புதுப்பிக்கும்போது அது தலைமை கிரப்புக்குத் தெரியாது. தலைமை இயங்குதளத்துக்குள் சென்று கிரப் பட்டியலைப் புதுப்பிக்கும் வரை பழைய உட்கருவே தொடங்கிக்கொண்டிருக்கும்.

பெயர் ஒற்றுமையால் வரும் வம்பும் ஒன்று உண்டு. லினக்ஸ் மிண்ட் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. ஈஎஃப்ஐ பிரிவில் அதன் தொடக்கியும் உபுண்டு என்ற கோப்புறையிலேயே சென்று அமர்கிறது. உபுண்டு இருக்கும் கணினியில் மிண்டைச் சேர்த்தால், முன்னதன் கோப்புகளைப் பின்னது மேலெழுதிவிடும். அடுத்த புதுப்பிப்பில் அது இதை மேலெழுதும். ஒரே முகவரியில் இரு குடும்பங்கள் பெயர்ப்பலகையை மாற்றி மாற்றி மாட்டும் கதை. உபுண்டுவோடு ஃபெடோராவையோ டெபியனையோ வைத்துக்கொள்வோர்க்கு இச்சிக்கல் இல்லை.

நிறுவி முடித்த பின் கிரப் பட்டியலில் விண்டோஸ் காணாமற்போனால் அஞ்ச வேண்டாம். பிற இயங்குதளங்களைத் தேடிக் கண்டறியும் ஓஎஸ்-புரோபர் என்னும் கருவியை, 2021இல் வெளியான கிரப் 2.06 பதிப்பு முதல் இயல்பாகவே நிறுத்தி வைத்துள்ளனர். கிரப்பின் அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றி, பட்டியலைப் புதுப்பித்தால் விண்டோஸ் திரும்பத் தோன்றும். பிட்லாக்கர் பூட்டுள்ள கணினியில் கிரப் வழியாக விண்டோஸுக்குள் செல்லும்போதெல்லாம் திறவுகோல் கேட்கப்படக்கூடும். அங்கே நிலைமென்பொருளின் பட்டியலிலிருந்து நேரே விண்டோஸைத் தெரிவு செய்வதே நல்லது.

இரண்டு லினக்ஸ்களும் ஒரே ஸ்வாப் பிரிவைப் பகிரலாம். ஆனால் புதிய நிறுவி அதை மறுபடி வடிவமைத்தால் அதன் அடையாள எண் மாறிவிடும். பழைய லினக்ஸ் ஒவ்வொரு முறை எழும்போதும் அந்தப் பழைய எண்ணைத் தேடி 90 நொடிகள் காத்து நிற்கும். கணினி மெதுவாகிவிட்டது என்று கடைக்கு எடுத்துச் செல்லுமுன் இதைப் பார்க்க வேண்டும். ஹோம் எனப்படும் தனிக் கோப்புறையை இரண்டுக்கும் பொதுவாக்குவதை நாம் ஏற்கவில்லை. ஒரே மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகள் ஒரே அமைப்புக் கோப்பை மாறி மாறி எழுதினால் விளைவு நன்றாயிராது. ஆவணங்களுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றை வைத்து, அதை மட்டும் பொதுவாக்கலாம்.

ஐந்தரை மணி நேரம்

இந்தியாவில் இருப்போர்க்கே உரிய வடிவில் வரும் தொல்லை ஒன்று. கணினியின் தாய்ப்பலகையில் சிறு கடிகாரம் உண்டு. விண்டோஸ் அதில் இந்திய நேரத்தை வைக்கும். லினக்ஸ் பொதுவாக உலகப் பொது நேரத்தை வைக்கும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறியதும் காலை 10 மணி, 4.30 எனத் தோன்றுவது இதனால்தான். இணையத்தோடு ஒத்திசைந்ததும் சரியாகிவிடும் என்பது உண்மை, அதுவரை?

விடியற்காலை 5 மணிக்கு மண்டியில் பில் போடும் காய்கறி வணிகரை எண்ணிப் பாருங்கள். அவருடைய கணினி முந்தைய நாள் இரவு 11.30 என்று காட்டும். கணினியின் நாளைத் தானே எடுத்துக்கொள்ளும் பில் மென்பொருளாயின், நாள் ஒன்று பின்தங்கும். அது ஏப்ரல் 1 ஆக இருந்தால், அந்தப் பில் சென்ற நிதியாண்டில் போய் விழும். லினக்ஸையும் இந்திய நேரத்தையே வைத்துக்கொள்ளுமாறு ஒரே ஒரு கட்டளையால் அமைக்கலாம். டைம்டேட்சிடிஎல் என்னும் கருவி அதற்கு உதவும். இரண்டு லினக்ஸ்கள் இருந்தால் இரண்டிலும் செய்ய வேண்டும். ஒன்றில் செய்து மற்றதில் மறந்தால் குழப்பம் கூடும்.

பின்னர் வரும் புதுப்பிப்புகள்

நிறுவிய நாளில் எல்லாம் சரியாக இருந்து, பல மாதங்கள் கழித்துச் சிக்கல் வருவதும் உண்டு. 2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று, குறையுள்ள பழைய லினக்ஸ் தொடக்கிகளைத் தடைசெய்யும் பட்டியலைக் கணினிகளில் பதித்தது. இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினிகளுக்கு அது செல்லாது என்று அறிவிக்கப்பட்டிருந்தும், அத்தகைய கணினிகள் பலவற்றில் லினக்ஸ் தொடங்க மறுத்து, செக்யூரிட்டி பாலிசி வயலேஷன் என்ற செய்தியோடு நின்றுவிட்டது. முழுமையான தீர்வு 2025 மே மாதத்தில் வந்தது. நண்பரின் பழைய பென் டிரைவ் வேண்டாம் என்று மேலே கூறியதன் மற்றொரு காரணம் இதுவே. அதில் இருக்கும் தொடக்கி தடைப் பட்டியலில் இருந்தால், செக்யூர் பூட் இயங்கும் கணினியில் அது எழவே எழாது. அப்போது செக்யூர் பூட்டையே நிறுத்திவிடலாம் என்று இணையத்தில் பலர் அறிவுரை சொல்வர். நிறுத்தினால் பிட்லாக்கர் திறவுகோல் கேட்கும். கணினியின் முதல் காவலும் நீங்கும். புதிய பதிப்பைப் பதிவிறக்கிக்கொள்வதே நேர்வழி.

விண்டோஸின் பெரிய புதுப்பிப்புகளுக்குப் பின் தொடக்க வரிசையில் அது முதலிடத்துக்கு வந்துவிடுவதும் உண்டு. லினக்ஸ் அழிந்துவிட்டதாகக் கருத வேண்டாம். நிலைமென்பொருளுக்குள் சென்று வரிசையை மாற்றினால் போதும். நிறுவப் பயன்படுத்திய பென் டிரைவை அழிக்காமல் வைத்திருப்பது இத்தகைய வேளைகளில் கைகொடுக்கும்.

வங்கிப் பணிகளைப் பொறுத்தவரை, நம் இணையவழிச் சேவை உலாவியில் இயங்குவது, லினக்ஸிலும் இயங்கும். ஆனால் மின்கையொப்பச் சான்றிதழ் அடங்கிய யுஎஸ்பி டோக்கனைப் பயன்படுத்தும் நிறுவனங்கள், அதற்குரிய இயக்கி மென்பொருள் லினக்ஸில் கிடைக்கிறதா என்பதைச் சான்றிதழ் வழங்கியவரிடம் முன்னரே கேட்டறிய வேண்டும். கிடைக்காவிட்டால் அப்பணிகளை விண்டோஸிலேயே தொடர்க. நிறுவும்போது இடையில் சிக்கிக்கொண்டவர்கள், இணையத்தில் தேடிக் கிடைத்த உதவி எண் எதையாவது அழைத்து, முன்பின் அறியாதவருக்குக் கணினியைத் தொலைவிலிருந்து இயக்க இடங்கொடுப்பதும் நிகழ்கிறது. அக்கணினியில் உங்கள் வங்கிக் கணக்கு திறந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அவ்வாறு இடங்கொடுத்துப் பணம் பறிபோனதாக ஐயம் எழுந்தால், உடனே 1930 என்ற எண்ணை அழைத்து, கிளைக்கும் தெரிவியுங்கள்.

இறுதியாக, அகற்றுதல். மூன்றாவது இயங்குதளம் வேண்டாம் என்று தோன்றினால், அதன் பிரிவை நேரே அழித்துவிடக் கூடாது. தலைமை கிரப் அதனுடையதாக இருந்தால், அடுத்த முறை கணினி எழும்போது கருந்திரையும் ஒரு கட்டளைக் குறியும் மட்டுமே மிஞ்சும். முதலில் நிலைமென்பொருளின் பட்டியலில் விண்டோஸையோ, வைத்துக்கொள்ளும் லினக்ஸையோ முதலிடத்தில் அமைத்து, இருமுறை அணைத்துத் தொடங்கிப் பாருங்கள். இரண்டு முறையும் ஒழுங்காக எழுந்த பின், தேவையற்ற பிரிவை அழிக்கலாம். ஈஎஃப்ஐ பிரிவில் அதன் கோப்புறை எஞ்சி நிற்கும். அது சில எம்பி அளவே. அடையாளம் ஐயமறத் தெரிந்தால் மட்டும் நீக்குங்கள், இல்லையேல் அப்படியே கிடக்கட்டும்.